மேஜருக்குப் படம், சிப்பாய்க்கு?

2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தைப் பார்க்காத கல்லூரி மாணவர் எங்கள் பகுதியில் இல்லை என்றே சொல்லலாம். பஸ் பிடித்து டவுனுக்குப் போய் இரண்டு தடவை பார்த்த பிள்ளைகள் உண்டு. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் நடந்த மோதலில் உயிரிழந்தவர். அமைதிக் காலத்தில் இந்த நாடு தரும் மிக உயர்ந்த வீர விருதான அசோக சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. 2015 குடியரசு நாளில் அவருடைய மனைவி அதைப் பெற்றுக்கொண்டார். தியேட்டரை விட்டு வெளியே வந்த பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கண்ணீரைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உயிரைக் கொடுத்தவனுக்காக ஒரு நிமிடம் தொண்டை அடைக்கவில்லை என்றால் மனிதப் பிறவி எதற்கு?

படத்தில் காஷ்மீர் மக்களைக் காட்டிய விதம் பற்றி எழுந்த எதிர்ப்பு தனியாகப் பேச வேண்டியது. நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு சர்ச்சையை. படம் வெளிவந்த சில நாட்களில், மேஜரின் சாதியை ஏன் படத்தில் சொல்லவில்லை, அவர் பிராமணர் என்பதை ஏன் மறைத்தீர்கள் என்று சிலர் கிளம்பினார்கள். அவரைத் தமிழராக, இந்தியராகக் காட்டினால் போதும் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதாக இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி பதில் சொன்னார். நல்ல பதில். அந்தக் குடும்பத்துக்கு என் வணக்கம்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் சாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "ராணுவத்தைப் பார், அங்கே சாதி இருக்கிறதா?" என்று மறித்துப் பேசுகிறவர்கள்தான் பெரும்பாலும். ராணுவத்தில் சாதி இல்லையா? முகுந்த் வரதராஜன் ராஷ்டிரிய ரைபிள்ஸுக்குப் போவதற்கு முன் சேர்ந்த படைப்பிரிவின் பெயரே ராஜ்புத் ரெஜிமென்ட். ஜாட் ரெஜிமென்ட் இருக்கிறது, டோக்ரா ரெஜிமென்ட் இருக்கிறது, மகர் ரெஜிமென்ட் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு இந்து ராஜபுத்திரர், இந்து ஜாட், ஜாட் சீக்கியர் ஆகியோரை மட்டுமே எடுக்கிறோம் என்று 2013இல் ராணுவமே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. உயரமும் தோற்றமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவாம். நாட்டின் முதல் குடிமகனுக்குப் பக்கத்தில் நிற்கும் உயரம் நம் காலனிப் பிள்ளைகளுக்கு வாய்க்காது போலிருக்கிறது.

சரி, சினிமாவுக்கு வருவோம். இருபது, முப்பது வருடங்களில் வந்த போர்ப் படங்களின் நாயகர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1997இல் வந்த 'பார்டர்' படத்தின் நடுநாயகம் ஒரு மேஜர். 'ஷேர்ஷா' கேப்டன் விக்ரம் பத்ராவின் கதை. 'மேஜர்' என்ற பெயரிலேயே வந்த படம் மும்பைத் தாக்குதலில் உயிரிழந்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனின் கதை. 'சாம் பகதூர்' ஃபீல்டு மார்ஷலின் கதை. 'அமரன்' மேஜரின் கதை. ஒவ்வொருவரும் தகுதியானவர், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒரு மேஜருக்குக் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இருப்பார்கள். சாவும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் முதலில் வரும். முகுந்த் உயிரிழந்த அதே மோதலில் சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிரிழந்தார். 'அமரன்' அவரைப் பெயரோடு காட்டியது, நன்று. பல படங்களில் அதுகூடக் கிடையாது. சிப்பாய் என்றால் சிரிக்க வைக்க ஒருவன், ஊருக்குக் கடிதம் எழுத ஒருவன், இடைவேளைக்குப் பிறகு செத்து நாயகனின் கோபத்தைக் கிளப்ப ஒருவன்.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 பேர் உயிரிழந்தார்களே, அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. வீர் சக்ரா விருது அவருடைய இறப்புக்குப் பின் அறிவிக்கப்பட்டது. இன்றைக்கு ஒரு பிளஸ் டூ வகுப்பில் போய்க் கேளுங்கள், எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்று. 1971 டிசம்பரில் கங்காசாகரில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலையைத் தனியாளாகப் போய் அடக்கிவிட்டு உயிரை விட்ட லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா, பரம்வீர் சக்ரா பெற்ற ஆதிவாசி. ஜார்க்கண்டுக்கு வெளியே அவர் பெயர் பொது அறிவுப் புத்தகத்தின் ஒரு வரி.

'கேசரி' என்றொரு இந்திப் படம் 2019இல் வந்தது. 1897இல் சாரகடியில் 21 சீக்கிய வீரர்கள் கடைசி ஆள் வரை நின்று மடிந்த கதை. அங்கே தலைமை தாங்கியவர் ஹவில்தார் ஈஷர் சிங், அதனால் அந்தப் படம் என் புகாருக்கு விதிவிலக்கு. ஆனாலும் அந்தக் கோட்டைக்குள் 21 பேரோடு ஒரு பணியாளரும் இருந்தார். படைவீரர் பட்டியலில் சேராத ஆள். 21 பேருக்கும் அன்றைய உயரிய விருதான ஆர்டர் ஆஃப் மெரிட் கிடைத்தது. பட்டியலில் இல்லாதவருக்கு விருதும் இல்லை. செத்தது மட்டும் எல்லோரோடும் சேர்ந்துதான்.

தமிழ் சினிமா இந்த இடத்தை இரண்டு முறையாவது தொட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். எஸ்.பி. ஜனநாதனின் 'பேராண்மை' 2009இல் வந்தது. காட்டுக்குள் புகுந்த அந்நியர்களை முறியடித்து நாட்டின் ராக்கெட்டைக் காப்பாற்றுகிறவன் பழங்குடி இளைஞன் துருவன். முடிவில் விருது வாங்குகிறவர், அவனைப் பிறப்பைச் சொல்லி அவமானப்படுத்திய மேலதிகாரி. துருவன் மறுபடியும் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கப் போய்விடுவான். நூறு பக்கம் கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டியதை அந்த ஒரு முடிவில் ஜனநாதன் சொல்லிவிட்டார். இன்னொன்று மாரி செல்வராஜின் 'கர்ணன்'. அதைப் போர்ப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பஸ் நிற்காத ஊரிலிருந்து ஒரு பையனுக்கு மத்தியப் படையில் வேலைக்கான கடிதம் வருகிறது. ஊரே சேர்ந்து அவனை வழியனுப்புகிறது. பாதி வழியில் அவன் ஊருக்குத் திரும்பி வருகிறான், ஏனென்றால் ஊருக்குள் போலீஸ் புகுந்துவிட்டது. நாட்டு எல்லையைக் காக்கப் போகிறவனின் சொந்த ஊர் எல்லையை யார் காப்பது என்ற கேள்வி அந்தத் திரும்பி வருதலில் இருக்கிறது.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். போரில் செத்தவனுக்கு நன்றி சொல்வது எப்படி என்று நம் மொழிக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தொல்காப்பியம் இதற்கு முறையே வகுத்திருக்கிறது. கல்லைத் தேடிக் கண்டு, கொண்டுவந்து, நீரில் இட்டு, நட்டு, படையல் வைத்து, வாழ்த்துவது வரை. புறநானூற்றில் மாங்குடி கிழாரின் 335ஆம் பாட்டை மாணவர்கள் எடுத்துப் படியுங்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரைத் தவிர வேறு குடி இல்லை என்கிறார் புலவர். அதே மூச்சில், போரில் முன்னே நின்று மடிந்தவனின் கல்லைத் தவிர நெல் தூவி வணங்க வேறு கடவுளும் இல்லை என்கிறார். எந்தப் பெயரைச் சொல்லி இன்றைக்கு நம்மை ஏசுகிறார்களோ அந்தப் பெயர் அந்தப் பாட்டில் வீரக்கல்லுக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது.

செங்கம் பக்கம் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். அரசன் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு, செத்தவன் யார், யாருக்காகச் செத்தான், எந்த ஊர்த் தொறுவை மீட்கப் போனான் என்று வட்டெழுத்தில் வெட்டியிருப்பார்கள். எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாயின் பெயருக்குக்கூடக் கல்லில் இடம் இருந்தது.

இப்போது வேலூர் லாங் பஜாருக்கு வாருங்கள். காய்கறி மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. அதில் ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு. இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-19 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரை ஈந்தார்கள் என்பது அதன் செய்தி. (வேலூரைக் கிராமம் என்று எழுதியவர் யாரோ!) அவ்வளவுதான். அந்த 14 பேரின் பெயர் இல்லை. எந்தத் தெரு, எந்தப் படைப்பிரிவு, எந்த நாட்டு மண்ணில் விழுந்தார்கள், எதுவும் இல்லை. பழைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் இதே வாசகத்தோடு இப்படிக் கற்கள் உண்டு. எண்ணிக்கை மட்டும் மாறும்.

இது வேலூரோடு முடிகிற கதையில்லை. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், மடிந்தவர்களுக்குப் பாஸ்ராவில் ஒரு பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். இந்திய அதிகாரிகளின் பெயர்கள் அதில் உண்டு. சாதாரண இந்திய வீரர்களைப் படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மட்டும் போட்டார்கள். இந்த நினைவிடங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், இன்னும் குறைந்தது 1,16,000 பேர் பெயரே இல்லாமல், அல்லது எந்த நினைவுமே இல்லாமல் விடப்பட்டார்கள் என்றும் அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. வெள்ளைக்காரனாவது நூறு வருடம் கழித்து ஒப்புக்கொண்டான்.

பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பீமா கோரேகான் சாட்சி. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வாவின் பெரும்படையைக் கும்பினியின் சிறு படை எதிர்த்து நின்ற இடம். சென்னை பீரங்கிப் படையினரும் அங்கே இருந்தார்கள் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாத செய்தி. பிறகு எழுப்பிய தூணில் 49 பெயர்களைப் பொறித்தார்கள். அவற்றில் 22 மகர்களுடையவை. 'நாக்' என்று முடியும் அந்தப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போனார். இன்றைக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் மக்கள் போகிறார்கள். கும்பினிக்காகச் சண்டை போட்டவர்களைக் கொண்டாடலாமா என்று கேட்கிறார்கள். வேலூரிலிருந்து போன 277 பேரும் அதே பிரிட்டிஷ் அரசுக்காகத்தான் போனார்கள். சாரகடியில் மடிந்த 21 பேரும் அப்படித்தான். அவர்களுக்குப் படம் எடுக்கும்போது வராத கேள்வி, மகர்களின் பெயரை வாசிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த மகர்களின் நன்றிக் கணக்கை வெள்ளையர்களே சரியாகத் தீர்க்கவில்லை. 1857க்குப் பிறகு 'போர்க்குடிகள்' என்ற ஒரு கொள்கையைக் கொண்டுவந்தார்கள். பஞ்சாபி, கூர்க்கா, பட்டாணியர் வீரப் பிறவிகள், தெற்கத்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்றார்கள். சென்னைப் படைக்கும் பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு இதன் பெரிய பிரசாரகர். பதினெட்டாம் நூற்றாண்டு முதல் சென்னைப் படையில் பெருமளவில் இருந்த பறையர்களுக்கு வாசல் குறுகியது; சப்பர்ஸ் போன்ற பிரிவுகளில்தான் இடம் மிஞ்சியது. 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அம்பேத்கர் பிறந்ததே மோவ் ராணுவக் குடியிருப்பில்தான். அந்த வீட்டில் படிப்பு நுழைந்ததற்கு ராணுவமும் ஒரு காரணம். ஒரு சமூகத்துக்குப் படையின் கதவைச் சாத்தினால் துப்பாக்கி மட்டும் போவதில்லை, பள்ளிக்கூடமும் பென்ஷனும் சேர்ந்து போகும். 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் உருவானது. 1943இல் உருவாக்கிய சமார் ரெஜிமென்ட் கொஹிமாப் போர்முனை வரை போனது, 1946இல் கலைத்துவிட்டார்கள்.

மகர் ரெஜிமென்டுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றுத் தந்தவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், ஒரு தமிழர். 1987 நவம்பரில் இலங்கையில் மடிந்தார். அவரைப் பற்றித் தமிழில் ஒரு படம் எடுப்பது எளிதில்லை, எதிரே நின்றவர்களும் தமிழர்கள். போர்ப் படங்களுக்குக் கலப்பில்லாத எதிரி ஒருவன் தேவைப்படுகிறான். நிஜப் போர்கள் அப்படி அமைவதில்லை.

படங்கள் எல்லாம் ஓர் இடத்தில் முடிகின்றன. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வருகிறது, குண்டு முழங்குகிறது, கொடியை மடித்து மனைவியின் கையில் தருகிறார்கள், திரை இருள்கிறது. ராணுவ லாரி போன பிறகு என்ன நடக்கிறது? 2016 ஜூனில் காஷ்மீரின் பாம்போரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் மீது நடந்த தாக்குதலில் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் உத்தரப் பிரதேசம் ஃபிரோசாபாத் மாவட்டக் கிராமத்தைச் சேர்ந்தவர், ஒடுக்கப்பட்ட நட் சமூகம். பொது நிலத்தில் அவருக்குச் சிதை மூட்டவும் சிலை வைக்கவும் குடும்பம் இடம் கேட்டது. ஊரின் ஆதிக்க சாதியினர் கூடாது என்றார்கள். அதிகாரிகள் வந்து மணிக்கணக்கில் பேசிய பிறகுதான் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடம் கிடைத்தது. நாட்டுக்காகச் செத்தவனின் சாம்பலுக்குப் பேரம். 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில், பயிற்சி முடித்த ஒரு தலித் ராணுவ வீரர் தன் கல்யாணத்துக்குக் குதிரையில் போனார். ஊர்வலத்தின் மீது கல் எறிந்தார்கள். எல்லையில் ஏறச் சொல்லும் மலையை விட உயரமா அந்தக் குதிரை?

எங்கள் காலனியில் சப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர் இருந்தார். லடாக்கில் பாலம் போட்ட கை. லீவில் வரும்போது இரும்பு டிரங்குப் பெட்டி, கறுப்புக் கம்பளி, கேன்டீன் சாமான் என்று பெரிய சுமையோடு இறங்குவார். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் ஓடுவோம். படையில் எல்லோரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருக்கும். ஊருக்குள் டீக்கடையில் அவருக்கென்று தனித் தம்ளர் இருந்தது. கடைசி வரை அங்கே அவர் டீ குடித்ததில்லை. "மைனஸ் முப்பதிலே டீ இல்லாம இருந்தவன்டா நான்" என்று சிரிப்பார். அந்த மனிதரின் பென்ஷன்தான் எங்கள் காலனியின் முதல் மச்சு வீட்டைக் கட்டியது. அவர் மகள் ஆசிரியை ஆனார். வட்டிக்கு வாங்காமல் ஒரு குடும்பம் மாதாமாதம் சாப்பிட முடியும் என்பதை அந்த வீட்டைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று சொல்கிறார்களே, அங்கே போய்க் கேட்டாலும் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள். தேசபக்தியும் உண்டு, மறுப்பதற்கில்லை. கூடவே ஒரு நிரந்தர வேலையும் சாகும் வரை பென்ஷனும் இருந்தது.

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டுப் பணி. நான்கில் ஒருவர் வரைதான் தொடரலாம். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் இல்லை. பணியில் இறந்தால் காப்பீட்டுத் தொகையும் கருணைத் தொகையும் உண்டு, குடும்ப ஓய்வூதியம் கிடையாது. எல்லாச் சாதியாருக்கும் பொதுவான ஆள்சேர்ப்பு என்று அந்தத் திட்டம் சொல்வது நல்ல விஷயம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எல்லோரையும் உள்ளே விட்ட நேரத்தில் வீட்டிலிருந்த நெல்லை வெளியே எடுத்துவிட்டார்கள். 'அமரன்' பார்த்து அழுத அதே பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓடுவதைப் பார்க்கிறேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் திரும்பி வந்து நிற்கப் போகும் இவர்களுக்காக நாடு என்ன வைத்திருக்கிறது என்று எந்தப் படமும் கேட்கவில்லை.

நன்றி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஜெனரல், சிப்பாய் என்ற வேறுபாடு இல்லாமல் ஆளுக்கு ஒரு கல், அதில் பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு மடிந்தவர்களின் பெயர்கள் அவை. லாங் பஜார் மணிக்கூண்டின் 14 பேர் அதில் வர மாட்டார்கள். பஞ்சாபிலிருந்து முதல் உலகப் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரம் ஊர்வாரியாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்து, இப்போது இணையத்தில் ஏறத் தொடங்கிவிட்டன. அங்கே ஒரு பேரன் தன் பூட்டனின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. நம் பக்கத்தில் அந்தத் தேடல் இன்னும் ஆரம்பமாகவில்லை.

டிசம்பர் 7 கொடி நாள். பள்ளிக்கு உண்டியல் வரும், முடிந்ததைப் போடுங்கள். அந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர்த் தெரு, காலனி இரண்டிலும் வீடு வீடாகப் போங்கள். யார் படைக்குப் போனார்கள், எந்தப் பிரிவு, எந்த வருடம், திரும்பி வந்தார்களா என்று கேட்டு எழுதுங்கள். தாத்தாவின் அப்பா காலம் வரை கேளுங்கள். எழுதியதை ஒரு பிரதி எடுத்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுங்கள், ஒரு பிரதியைப் பள்ளியில் வையுங்கள். பல வீடுகளில் பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகமும் ஒன்றிரண்டு பதக்கங்களும் இருக்கும். புத்தகத்தைக் கரையான் அரிப்பதற்கு முன்னால் போங்கள்.